சாவி வாங்க வந்தவள் விருந்து வைத்தவள் அல்ல

போன மாதம் டோர்ட்மண்டில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், ஒரு பையனின் கையிலிருந்த கிளாசைப் பறித்து வாளிக்குள் ஊற்றினேன். பதினைந்து, பதினாறு வயதிருக்கும். கோலாவுக்குள் விஸ்கி. அதன் மணம் மூன்று மேசை தள்ளியிருந்த எனக்கே அடித்தது. தகப்பன் ஓடி வந்து, சபையில் வைத்து என்னைக் கேட்டார்.

"அக்கா, இது ஜேர்மனி. இஞ்ச பதினாறு வயசிலயே குடிக்கலாம். உங்களுக்கு என்ன வந்தது?"

எனக்கு என்ன வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, உழைத்து உயர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கதையாக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். அப்படி எழுத என்னால் ஏலாது. நான் ஒன்றும் பெரிதாக உயரவில்லை. ஓர் அமெரிக்கப் படைமுகாமின் விழா மண்டபத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன், கடைசி நாள் வரைக்கும் அதே கதிரை. ஆனால் சிறியவனுக்கு ஊற்றிக் கொடுப்பவனைச் சட்டம் என்ன செய்யும் என்பது அந்தத் தகப்பனை விட எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு முதலில் ஒரு பதில்: இந்த நாட்டில் பதினாறு வயது என்பது பியருக்கும் வைனுக்கும் மட்டும். விஸ்கிக்குப் பதினெட்டு. அரைச் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு முழுப் போத்தலைத் திறக்கிறோம். இதைப் படித்துவிட்டு அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முத்திரை குத்த வேண்டிய ஒரு தாளோடு ஒன்பது வருடம் இருந்தேன். உருளைக்கிழங்கு உரித்தேன், கோப்பை கழுவினேன், பின்னேர வகுப்பில் டொச், ஜேர்மன் மொழி, படித்தேன். நிரந்தர விசா வந்த பிறகுதான் முகாமில் வேலைக்கு அன்ட்ராக், விண்ணப்பம், போட முடிந்தது. முதல் இரண்டு வருடம் சமையலறை. பிறகு மண்டப அலுவலகத்தில் ஒருத்தி பிள்ளைப்பேற்று விடுமுறையில் போக, அந்தக் கதிரையில் என்னை இருத்தினார்கள். அவள் திரும்பி வரவில்லை. நானும் எழும்பவில்லை.

என் மேலாளர் லோரென்ஸ், ஜேர்மன்காரர். கோடையிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைதான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் தாளில் ஒரு பிழையைக் கண்டால், அதை எடுத்து வந்து என் மேசையில் வைத்து, தாளின் விளிம்பை மேசையின் விளிம்போடு விரலால் தட்டித் தட்டிச் சரியாகப் பொருத்துவார். பிறகு பிழையான வரியின் மேல் ஒரு பென்சிலைக் கிடத்திவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நான் அரை மணித்தியாலம் இருந்து கண்டுபிடிக்க வேண்டும். நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ள இலகுவாக இருந்திருக்கும். ஒரு முறை காய்ச்சலோடு வேலைக்கு வந்த என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டவரும் அவர்தான். நாற்பது கிலோமீற்றர் தூரம், ஒரு சொல் பேசவில்லை.

இனி அந்தச் சட்டம். வெளியே ஜேர்மன் சட்டம் என்னவாக இருந்தாலும், எங்கள் முகாமின் உத்தரவு எல்லா மதுவுக்கும் பதினெட்டு. குடித்தவனை மட்டும் அது பிடிக்காது. விருந்து வைத்தவரையும் பிடிக்கும். உன் விருந்தில், உன் வீட்டில், உன் கண்ணுக்கு முன்னால் வயது குறைந்தவர் குடித்தால் அதற்கு நீ பொறுப்பு. வீடு முகாமுக்கு வெளியே, ஜேர்மன்காரனின் வாடகை வீடாக இருந்தாலும் தப்ப முடியாது. படையில் இருப்பவருக்குக் கட்டளை அதிகாரியின் உத்தரவை மீறுவதே குற்றம். அதற்கு நீதிமன்றம் வரைக்கும் போகத் தேவையில்லை. கட்டளை அதிகாரி தன் அறையிலேயே விசாரித்துப் பதவித் தரத்தைக் குறைக்கலாம். தரம் குறைந்தால் பயிற்சி போகும், பதவி உயர்வு போகும், கடைசியில் படையே போகும்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் விழா மண்டபங்களில் மேசைக்கு மேசை போத்தல் இருக்கும். யார் வைத்தது என்று கேட்டுப் பாருங்கள். தகப்பன் தாய்மாமனைக் காட்டுவார், தாய்மாமன் சாப்பாட்டுக்காரரைக் காட்டுவார், சாப்பாட்டுக்காரர் தனக்குச் சோறு மட்டும்தான் தெரியும் என்பார். அமெரிக்கர்கள் அதற்கு இடம் விடவில்லை. ஒரு விருந்துக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கையெழுத்து. நல்ல சட்டம் என்றுதான் நான் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அதைக் கெடுத்தது மண்டப அலுவலகத்தில் இருந்த நாங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். மண்டபத்தைக் கேட்டுத் தொலைபேசி வரும். நான் பதிந்து வைப்பேன். விருந்து ஞாயிறு என்றால் வெள்ளிக்கிழமை காலை சாவி கொடுப்போம். சாவி கொடுக்கும்போது ஏழு வரியில் ஒரு பொறுப்புப் படிவம். நாலாம் வரி, விருந்து வைப்பவர்: பெயர், தரம், கையெழுத்து. ஒரு பிரதி எங்கள் அலமாரிக்கு, மற்றது மத்தியானத்துக்கு முன் முகாம் வாசல் காவலுக்கு. விருந்தன்று கதவில் நான் நிற்பேன். அடையாள அட்டையைப் பார்த்து, பதினெட்டு ஆகாதவருக்குச் சிவப்புக் கைப்பட்டி கட்டுவேன். போகும்போது கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன்.

எல்லாம் ஒழுங்கு. ஆனால் கப்டன்மாரும் மேஜர்மாரும் வெள்ளிக்கிழமை காலையில் சாவிக்காக வந்து நிற்பார்களா? தங்களுக்குக் கீழே உள்ள யாரையாவது அனுப்புவார்கள். படிவமோ மத்தியானத்துக்கு முன் வாசலுக்குப் போக வேண்டும். நான் அலுவலகத்துக்கு வந்த புதிதில் என்ன செய்வது என்று லோரென்சைக் கேட்டேன். எதிரில் நிற்பவர்தானே கையெழுத்துப் போட முடியும், எதிரில் நிற்பவரின் பெயரை எழுது என்றார். அன்றிலிருந்து சாவி வாங்க வந்தவர்தான் விருந்து வைப்பவர். ஆள் வந்து காத்திருக்கக் கூடாது என்று, யார் வருகிறார் என்று முதலே கேட்டு, பெயரை நானே என் கையால் எழுதி வைத்துவிடுவேன். அவர்கள் கையெழுத்தை மட்டும் கிறுக்கிவிட்டுச் சாவியோடு போவார்கள். பதினொரு வருடம் இப்படியே ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை, அதனால் சரியென்றே நினைத்திருந்தோம்.

என்னிடம் ஒரு கொப்பியும் இருந்தது. தொலைபேசியில் அவர்கள் இங்கிலிசில் வேகமாகச் சொல்வதை டொச்சில் எழுத எனக்குக் கை வராது. தமிழில் எழுதிக்கொள்வேன். யார் எடுத்தது, எத்தனை பேர், எத்தனை மேசை, ஐஸ் வேண்டுமா என்று. ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்ற துணிவில் மற்றதையும் எழுதுவேன். யார் மரியாதை இல்லாமல் கதைத்தார், யார் கேக்கைத் திருப்பி அனுப்பினார், லோரென்ஸ் அன்றைக்கு எத்தனை பென்சில் வைத்தார் என்று. வாயால் திட்ட முடியாததை எல்லாம் அந்தக் கொப்பிக்குள் திட்டினேன்.

ஒரு வசந்த காலத்தில் மெர்சர் என்ற கப்டன் தொலைபேசி எடுத்தார். மேஜர் பதவி உயர்வுக்குத் தெரிவாகியிருந்தார். அதைக் கொண்டாட ஞாயிறு மத்தியானம் மண்டபம் வேண்டும், நாற்பது பேர், குடிவகைக்குத் தனி மேசை. வெள்ளிக்கிழமை சாவி வாங்க ஹார்ட் என்ற படைவீராங்கனையை அனுப்பினார். அவருடைய அலுவலகத்தில் எழுத்து வேலை செய்தவள். இருபத்துமூன்று வயது, தனியாக ஒரு மகளை வளர்த்தாள். தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி, கோடை முடியப் போக இருந்தாள். நாலாம் வரியில் அவளுடைய பெயரை எழுதி வைத்திருந்தேன். வந்தாள், கையெழுத்துப் போட்டாள், போனாள். சனிக்கிழமை ஐஸ் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினாள். ஞாயிறு விருந்துக்கு அவள் வரவில்லை. அவளை அழைக்கவே இல்லை.

அந்த ஞாயிறு கதவில் நான் நின்றேன். ஒரு சிப்பாயின் அட்டையைப் பார்த்தேன். பதினெட்டாக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பதினேழு வயதில் பெற்றோரின் சம்மதத்தோடு அவர்களின் படையில் சேரலாம். துவக்குத் தூக்கலாம், பியர் தூக்கக் கூடாது. கையை நீட்டச் சொல்லிச் சிவப்புப் பட்டியைக் கட்டினேன். இறுக்கிக் கட்ட வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொன்னான். முகத்தில் பருக்கள் கூட ஆறவில்லை.

சாப்பாடு முடிய மெர்சர் தன் ஆட்களை வட்டமாக நிற்க வைத்தார். சின்னக் கிளாசுகளில் தானே விஸ்கி ஊற்றி, தன் ஆட்கள் எல்லோரும் தன்னோடு ஒன்று எடுக்க வேண்டும் என்றார். அந்தப் பெடியனிடமும் ஒன்றை நீட்டினார். நான் கிட்டப் போய், கப்டன், அவனுக்குச் சிவப்புப் பட்டி என்றேன். மெர்சர் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். பெடியனின் சட்டைக் கையைப் பிடித்து மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து, பட்டியை மூடினார்.

"இப்போது பட்டி எங்கே, மேடம்?" என்றார்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குத் திரும்பினேன். சுவரில் தொலைபேசி இருந்தது. படைப் பொலிசின் இலக்கத்தை அதன் மேல் ஒட்டியவள் நானே. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கொப்பியை எடுத்து எழுதினேன். "1.40. கப்டன் தானே ஊத்திக் குடுக்கிறான், சிவப்புப் பட்டிப் பெடியனுக்கும். போய்ச் சொன்னன். சட்டைக் கையை இழுத்து மூடிப்போட்டு இளிக்கிறான். விசரன்." மூன்று மணிக்கு முன் இன்னும் இரண்டு தரம் எழுதினேன், கடைசியாக நாலாவது கிளாஸ் என்று. மூன்றரை மணிக்குப் பின்பக்கப் படியால் பெடியன் தலைகுப்புற விழுந்தான். தாடை உடைந்தது, முன்பல் இரண்டு போனது, முழங்கை நொறுங்கியது. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் அவனுடைய தலையை என் மடியில் வைத்திருந்தேன். சட்டைக் கை மேலே ஏறி, அந்தப் பட்டி வெளியே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கென்று ஓர் இளம் அதிகாரி வந்தார். லோரென்சும் பக்கத்தில் இருந்தார். அதிகாரியிடம் மூன்று கேள்விகள் இருந்தன. இது உங்கள் படிவமா? ஹார்ட் உங்கள் முன்னால்தான் கையெழுத்துப் போட்டாளா? கதவில் வயது பார்த்தீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றேன். மூன்றும் உண்மை. 'ஆனால்' என்று நான் தொடங்கவும், லோரென்ஸ் தன் பென்சிலை எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். பதினொரு வருடப் பழக்கம், என் வாய் தானாக மூடிக்கொண்டது. அதிகாரி நன்றி சொல்லிப் போய்விட்டார். அந்தப் பென்சிலை எடுத்து அவருடைய கம்பளிச் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிக் குத்தியிருக்க வேண்டும் என்று அன்று முழுக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

அடுத்த நாள் ஹார்ட் வந்தாள். சண்டைக்கு வரவில்லை, படிவத்தின் பிரதி ஒன்று கேட்டாள். நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். விருந்து வைத்தவள் ஹார்ட், பொறுப்பெடுத்துவிட்டு வராமலே விட்டது அதைவிடப் பெரிய பிழை, தான் அழைப்பில் வந்த ஆள் மட்டும் என்று மெர்சர் எழுதிக் கொடுத்திருந்தார். யார் ஊற்றியது என்பதை அங்கே நின்ற ஒருவரும் காணவில்லையாம். விழுந்தவன் தனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டான். அவர்களுடைய கப்டன் அல்லவா. அடுத்த வாரம் முகாமின் கட்டளை அதிகாரியான கேணல் தன் அறையில் விசாரித்துத் தீர்ப்பார். தரம் குறைந்தால் தாதியர் பயிற்சி இல்லை, முகாம் வீட்டையும் விட்டுவிட்டு மகளோடு ஊருக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் நாலாம் வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"பெயரை நீங்கள் எழுதி வைத்திருந்தீர்கள். சாவிக்கான கையெழுத்து என்று நினைத்தேன். வாசித்திருக்க வேண்டும், பிழை என்னுடையதுதான்" என்றாள்.

பிழை தன்னுடையதாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கொப்பியை எடுத்து மேசையில் போட்டேன். இதில் எல்லாம் இருக்கிறது, உனக்குப் படை கொடுத்த சட்டத்தரணியிடம் இதைச் சொல்லு, நானும் வருகிறேன் என்றேன்.

லோரென்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டு வந்து, என்றைக்கும் இல்லாமல் நிறையப் பேசினார். அவர்களுடைய இராணுவ விசாரணைக்கு நாங்கள், இந்நாட்டு ஊழியர்கள், போகத் தேவையில்லை, யாரும் எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றார். போனால் நாலாம் வரியைப் பற்றிக் கேட்பார்கள், கேட்டால் பொய் எழுதியவர் என்று உங்கள் பெயர்தான் வரும் என்றார். மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். எழுதச் சொன்னவர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இருக்கிற வேலையைக் காப்பாத்துற வழியைப் பார். அமெரிக்கன்ர பிரச்சினைக்குள்ள உனக்கென்ன அலுவல்? அந்தக் கொப்பியைக் குடுத்தியெண்டா லோரென்ஸ் உன்னை அடுத்த நாளே அனுப்பிப்போடுவான்."

"அவளின்ர பேரை எழுதினது நான்தானே. அவள் தானா எழுதேல்ல."

இவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அதுக்குள்ள என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறியோ?"

"ஓம்" என்றேன்.

கொப்பி தமிழில் இருந்தபடியால், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்றார் ஹார்ட்டின் சட்டத்தரணி. ஹனோவரில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் போனது. ஓர் இடத்தில் என் எழுத்து விளங்கவில்லை என்று, சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டு அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதைச் சொல்லி முடித்தபின் தயங்கினார்.

"அக்கா, நான் ஒரு சொல்லும் விட ஏலாது. அந்த லோரென்ஸ் எண்டவரைப் பற்றின இடங்களும் அப்பிடியே வரும். கேணலைப் பற்றியும் ஒரு இடம் இருக்கு. முதலே சொல்லிப்போட்டன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"விடாதேங்கோ, பிள்ளை. எல்லாத்தையும் போடுங்கோ" என்றேன். தொலைபேசியை வைத்தபின்தான் கேணலைப் பற்றி என்ன எழுதினேன் என்று யோசித்தேன். ஞாபகம் வந்ததும் திரும்பக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன், எடுத்தபடியே வைத்துவிட்டேன்.

கேணலின் அறையில் நிற்க வேண்டியவர்கள் நின்றோம். ஹார்ட் கைகளைப் பின்னால் கட்டி, கண் அசையாமல் நின்றாள். மெர்சர் ஒரு பக்கம். படிவத்தைப் பற்றிக் கேட்க லோரென்சையும் அழைத்திருந்தார்கள். அவர் வந்தார், அதே கம்பளிச் சட்டை. கேணல் நரைத்த, நிதானமான மனிதர். மொழிபெயர்ப்பைத் தாள் தாளாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி உரக்க வாசித்தார். "காலை 8.10. லோரென்ஸ் மேசைக்கு மேசை பென்சில் வைச்சுக்கொண்டு திரியுது, ஐயர் சாமிக்குப் பூ வைக்கிற மாதிரி. பேசினால் வாயில முத்தோ உதிரப்போகுது." இங்கிலிசில் கேட்க இன்னும் மோசமாக இருந்தது. கதவடியில் நின்ற யாரோ இருமி மறைத்தார்கள். லோரென்ஸ் யன்னலைப் பார்த்தார்.

இது வேலைப் பதிவா, நாட்குறிப்பா என்று கேணல் என்னைக் கேட்டார். வேலைப் பதிவு என்றேன். தேதி, நேரம், பெயர், மேசை எண்ணிக்கை எல்லாம் உங்கள் படிவங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், மற்றது என் வாய்க்கொழுப்பு என்றேன்.

அவர் தொடர்ந்து புரட்டினார். அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது. அதை அவர் உரக்க வாசிக்கவில்லை. நான் எழுதியிருந்தது இது: "கேணலின்ர மனுசிக்குப் பிறந்தநாள். அறுபது பேர். சாவி வாங்க வந்தது சாரதிப் பெடியன். விருந்து வைக்கிறவர் எண்டு அவன்ர பேரைப் போட்டாச்சு. பாவம், அவனுக்குக் கேக்கும் குடுக்கேல்ல." கேணல் தாளைக் கீழே வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

நாலாம் வரியில் யாருடைய பெயரை எழுதுவீர்கள் என்று கேட்டார். சாவி வாங்க வந்தவரின் பெயரை என்றேன். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பதினொரு வருடம் என்றேன். அப்படியானால் அந்தப் படிவங்கள் எல்லாம் பொய்யா என்று கேட்டார்.

"பொய்தான், கேணல். எழுதியது என் கை. உங்கள் வீட்டு விருந்தும் அதற்குள் இருக்கிறது" என்றேன்.

அப்போதுதான் மெர்சர் வாய் திறந்தார். இந்த அம்மா இவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தால் ஏன் படைப் பொலிசைக் கூப்பிடவில்லை என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. நியாயமான கேள்வியும் கூட. கேணலும் பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

"பயம். ஒன்பது வருடம் அதிகாரிகளுக்கு முன்னால் முத்திரைக்காகக் கை கட்டி நின்றவள் நான். நாற்பது சீருடைக்காரர் சிரித்ததும் எனக்கு அந்தப் பயம் வந்தது. கூப்பிட்டிருந்தால் அந்தப் பிள்ளை விழுந்திருக்க மாட்டான். அதற்கு என்னைத் தண்டியுங்கள். ஐஸ் கொண்டுவந்து இறக்கியவளைத் தண்டிக்காதீர்கள்."

எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை ஹார்ட்டின் மேலிருந்த குற்றத்தை நீக்கினார்கள். அவள் அலுவலகத்துக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். கோடை முடியப் பயிற்சிக்குப் போனாள். மெர்சர் மேஜராகவில்லை, இரண்டு மாதத்தில் முகாமை விட்டே போய்விட்டார். என்ன தண்டனை என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். விழுந்த பெடியனின் தாடையைக் கம்பியால் கட்டி, அவனை ஊருக்கு அனுப்பினார்கள். அவன் என்னவானான் என்று மூன்று இடத்தில் கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. சட்டத்தையும் படிவத்தையும் பற்றி எல்லோரும் பேசினார்கள், அவனுடைய பல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது. படிவத்தில் சாவி வாங்குபவருக்குத் தனி வரி வந்தது. விருந்து வைப்பவர், கேணலானாலும், நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாகியது.

அடுத்த திங்கள் காலை என் மேசையில் ஒரு தாள் கிடந்தது. விளிம்போடு விளிம்பு பொருந்தியிருந்தது, பென்சில் மட்டும் இல்லை. அப்மானுங். இங்கே வேலை செய்பவர்களுக்கு அந்தச் சொல் தெரியும், கோப்பில் ஏறும் எச்சரிக்கைக் கடிதம். மூன்று காரணம் எழுதியிருந்தது. படிவத்தில் பொய்ப் பெயர் எழுதியது. கண்டும் படைப் பொலிசுக்கு அறிவிக்காதது. வேலை நேரத்தில் சொந்தக் குறிப்பு எழுதியது. கீழே லோரென்சின் கையெழுத்து. நேரே அவருடைய மேசைக்குப் போனேன்.

"நாலாம் வரியை எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்" என்றேன்.

"எழுத்தில் சொல்லவில்லை" என்றார்.

என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. அவர் போகும்வரை ஒரே அறையில் இருந்தோம், காலை வணக்கம் சொன்னோம், அவ்வளவுதான். கேட்டால் இப்போதும் சொல்வேன், அவரை நான் மன்னிக்கவில்லை.

ஊழியர் பிரதிநிதிகள் சபைக்குப் போனேன். மூன்றையும் எதிர்த்தால் வெல்லலாம், மேலாளர் சொல்லித்தான் செய்தீர்கள் என்று சாட்சி தேடலாம் என்றார்கள். மூன்றாவதை மட்டும் எதிர்ப்பேன் என்றேன். அந்தக் கொப்பி இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிருக்கும், அதைக் குற்றம் என்று எழுத விட மாட்டேன் என்று நின்றேன். நாலு மாதம் இழுத்தது, நாலு டெர்மின், நாலு முறை சந்திப்பு. கடைசியில் மூன்றாவதை வெட்டினார்கள். கொப்பி எழுதுவதை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. முதல் இரண்டும் அப்படியே இருந்தன. சில வருடம் போனபின் கடிதத்தையே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று சபையிலிருந்து ஒருவர் வந்து ஞாபகப்படுத்தினார். நான் கேட்கவில்லை.

ஓய்வு பெறும் வாரம், ஊழியர் கோப்புகளை வைத்திருக்கும் ஆளணி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் இளம் ஜேர்மன் பெண், என் கோப்பை மூடுவதற்காகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தில் அவளுடைய கை நின்றது. இது பழையது, இதைச் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை, சொன்னால் இப்போதே கிழித்துவிடுகிறேன், கோப்பு சுத்தமாக இருக்கும் என்றாள். நல்ல மனம் அவளுக்கு. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள்.

"பதினொரு வருடம் நான் நிரப்பிய படிவங்களில் செய்தவர் பெயர் ஒன்றிலும் சரியாக இல்லை. இதில் இருக்கிறது. வைத்துவிடு" என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கடிதத்தை மற்றத் தாள்களோடு சேர்த்துத் துளையில் கோத்து, கோப்பை மூடினாள்.